பச்சைக் கட்டங்கள்

பாப்பா கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகினாள்.

"இப்ப அழுத்துங்கப்பா."

மேலே அப்பாவின் நகம் கம்ப்யூட்டர் திரையில் டொக்கென்று படும் சத்தம் மட்டும் கேட்டது. குரல் வரவில்லை. ஒயரில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

"இன்னொரு தடவை."

டொக். அப்புறமும் ஒன்றுமில்லை. அவள் தலையை வெளியே நீட்டுவதற்குள் அப்பா பொறுமையிழந்து வேறொரு கட்டத்தில் விரலை வைத்துவிட்டார்.

"தண்ணி எங்க? காது செவிடா போச்சா?"

ஸ்பீக்கரிலிருந்து வந்த அவர் குரலில் அறையே அதிர்ந்தது. டம்ளரோடு உள்ளே வந்துகொண்டிருந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. அப்பாவும் திடுக்கிட்டார். தன் குரலுக்குத் தானே மிரண்ட மனிதரை பாப்பா அன்றுதான் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்துக் கையை வேகவேகமாக ஆட்டினார். நான் இல்லை, நான் இல்லை என்று அர்த்தம்.

"பரவால்லங்க. தண்ணிதானே கேட்டீங்க," என்றாள் அம்மா. பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள்.

மகளுக்கு வீட்டில்தான் பாப்பா என்று பெயர். வெளியே, மூக்குக்கண்ணாடிக் கடையில் நாலு பேரை வேலை வாங்குகிற, காதோரம் நரைத்த பெண்மணி. அப்பாவுக்கோ வீட்டிலும் வெளியிலும் ஒரே பெயர், மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்திக் கத்தியே பாதி ஊரைச் சாலைக்கு அனுப்பியவர். போன வருடம் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றானபோது, கத்தினதால்தான் வந்தது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை என்றார் டாக்டர். சொந்தக்காரர்கள் டாக்டரை நம்பவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண் வந்தாள். மாஸ்டருக்கு அன்றாடம் தேவைப்படும் வார்த்தைகளை அவர் குரலிலேயே பதிந்து கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம், பிறகு திரையில் கட்டத்தைத் தொட்டால் அந்தக் குரல் பேசும் என்றாள். மாஸ்டர் மைக் முன்னால் உட்கார்ந்து, வண்டி பழகுகிற ஒருவனைக் கடைத்தெருவில் விரட்டிக்கொண்டு போவதுபோல வரிசையாகச் சொல்லி முடித்தார். அவள் அதைப் போட்டுக் காட்டினாள்.

"இது யாரு?" என்றார் மாஸ்டர்.

"நீங்கதான் சார்."

"நான் இப்படியா பேசுறேன்?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வார்த்தையையும் மறுபடி பதிந்தார். ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொன்னால் எவனும் ப்ரேக்கில் கால் வைக்க மாட்டான் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பதிவு, மூன்று நிறம். முதலில் பதிந்த இரைச்சல் எல்லாம் சிவப்பு. வெளியாட்களுக்கும் மாப்பிள்ளைக்கும் மரியாதையான மஞ்சள். மூன்றாவது பச்சை. அதைப் பதியும்போது எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பச்சையை அவர் அம்மாவிடம் மட்டும்தான் பேசினார். பாப்பா முதன்முதலாக அதைக் கேட்ட நாளில் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்து முடியைச் சரிசெய்துகொண்டு அறைக்குள் போனாள். "உக்காரேன் கொஞ்சம்." "சாப்பிட்டியா நீ?" "போதும், போய்த் தூங்கு." அவ்வளவு மெல்லிய குரல், லேசாகக் கூச்சம் கலந்த குரல், அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதே இல்லை. சமையலறையிலிருந்து அம்மா, "என்னது, கேக்கலியே," என்பாள். அவர் மறுபடி அழுத்துவார். அம்மாவின் காதுக்கு ஒரு குறையும் கிடையாது என்று பாப்பாவுக்குத் தெரியும். ஒருநாள் கேலி செய்தாள். "போடி," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து, குரல் போன பிறகு, அவளிடம் புருஷன் பேச ஆரம்பித்திருந்தார்.

இப்போது அந்தப் பச்சை மொத்தமும் ஊமையாகிவிட்டது. மஞ்சளும்தான். பாப்பா ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டம் ஒருமுறை மின்னியது, அவ்வளவுதான். சிவப்பு மட்டும் வெண்கலத்தில் அடித்தமாதிரி பேசியது. அவள் பின்கட்டுக்குப் போய்க் கணவனுக்குப் போன் செய்தாள்.

"நேத்து கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன். ஏன், வேகமா இருக்கா?"

அவன் கிடங்கு மேற்பார்வையாளன். கெட்டவன் இல்லை, அடைசல் கண்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான். ஒரு வாரமாக அந்தக் கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருந்தது. அப்பா 'வலிக்குது' கட்டத்தைத் தொட்டால், நர்ஸ் பையை மூடிக்கொண்டு தெருமுனை தாண்டிய பிறகு அது "வலிக்குது" என்றது. டிஸ்கில் இடமில்லை என்று திரையின் மூலையில் எச்சரிக்கை வேறு. மாப்பிள்ளை நேற்று சாயங்காலம் இணையத்தில் தேடி, இலவசமாகக் கிடைத்த ஒரு சுத்தம் செய்யும் மென்பொருளை இறக்கினான். ஒரே க்ளிக்கில் குப்பை போகும், கம்ப்யூட்டர் பறக்கும் என்று அதில் போட்டிருந்தது. ராக்கெட் படம்கூட இருந்தது. அவன் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்ததை பாப்பாவும் பார்த்தாள். நல்லதுதானே செய்கிறார் என்று டீ போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

"அதுல அப்பாவோட குரலையும் எடுத்தீங்களா?"

"குரலையா? இல்லியே. நகலைத்தான் எடுத்தேன். தண்ணி, தண்ணி ரெண்டு, தண்ணி மூணுன்னு ஒரே பேர்ல மூணு மூணா காட்டுச்சு. முதல் ஒண்ணை வெச்சுட்டு மத்ததை எடுக்கவான்னு கேட்டுச்சு. ஒரே சாமான் மூணு எதுக்கு? சரின்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியிருக்க வேண்டும்.

"ரீசைக்கிள் பின்ல இருக்கும் பாரு," என்றான். குரல் இறங்கிவிட்டது.

"அதையும் காலி பண்ணியிருக்கு."

"நான் வரேன்."

அவன் வருவதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணைப் பிடித்தாள். அவளிடம் ஒரு பிரதி இருக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் பலமாகவே இருந்தது.

"பதிஞ்சு உங்ககிட்ட குடுத்ததும் நாங்க அழிச்சிடுவோம்மா. நோயாளிங்களோடது எதையும் வெச்சுக்கக் கூடாதுன்னு விதி. அதனால என்ன, மறுபடி பதிஞ்சு..." அவள் பாதியில் நிறுத்தினாள். "சாரிம்மா," என்றாள்.

கட்டி மறுபடி பரவியதிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் மதியம் வந்தாள். நாடி பார்த்தாள், அப்பாவின் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். மருந்தை ஏற்றிவிட்டு பாப்பாவைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

"சொல்ல வேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்கம்மா. இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்."

"பேச்செல்லாம் புரியுமா அவருக்கு?"

"நல்லா புரியும். கடைசி வரைக்கும் நினைவு தெளிவா இருக்கும். ஏதாவது பேசணும்னா பேசிடுங்க."

அதைக் கேட்டதும் பாப்பாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாம் பேசலாம். அவர் எதை வைத்துப் பேசுவார்? எழுதச் சொல்லலாம் என்றால் போன மாதமே கை நடுக்கத்தில் எழுத்தெல்லாம் கோழி கிளறியது போலாகி, அவரே பலகையைத் தூக்கி எறிந்துவிட்டார். விரலை நீட்டி ஒரு கட்டத்தைத் தொடுவது ஒன்றுதான் பாக்கியிருந்தது. இத்தனை நாள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, கடைசி நாளில் இந்த மனிதர் பெண்டாட்டியைத் திட்டிவிட்டுத்தான் போக வேண்டுமா? சாயங்காலத்துக்குள் அந்தப் பச்சையில் ஒன்றையாவது திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரே ஒரு "உக்காரேன்" கிடைத்தால்கூடப் போதும்.

கணவன் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். அவர் கம்ப்யூட்டரைக் கூடத்து மேஜைக்கு எடுத்து வந்து, தூசி ஊதி, ஏதோ ஒரு சிடியைச் செருகி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஃப்ரீயா வர்ற க்ளீனர் எதையும் போடவே கூடாதும்மா. அத்தனையும் மோசம். எங்க கடையில ஒண்ணு இருக்கு, ஒரிஜினல். அதைப் போட்டிருக்கணும்."

"அது அழிச்சதைத் திருப்பிக் கொண்டுவருமா?"

"இல்லம்மா. அது இன்னும் நல்லா அழிக்கும்."

அவர் தமாஷாகச் சொல்லவில்லை. தொழிலில் பெருமையோடுதான் சொன்னார். பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு தொண்டையைச் செருமிக்கொண்டு வேலையைப் பார்த்தார். வெகு நேரம் ஒரு பச்சைக்கோடு நகர்ந்தது. பிறகு திரையில் பெயர்கள் வர ஆரம்பித்தன. உக்காரு மூணு. சாப்பிட்டியா மூணு. தூங்கு மூணு. பாப்பாவுக்கு உயிர் வந்தது.

"கிடைச்சிடுச்சா?" என்று கணவன் குதித்தான்.

கடைக்காரர் ஒன்றைத் திறந்தார். சத்தமில்லை. இன்னொன்று. அதுவும் அப்படித்தான். "பேர் மட்டும்தான் இருக்கு. உள்ள காலி. பழைய மாதிரி சுத்துற டிஸ்கா இருந்தா தோண்டி எடுக்கலாம். இது புது மாதிரி. அழிச்ச இடத்தை அதுவே துடைச்சு வெச்சிடும்," என்றார். மேற்கொண்டு இரண்டு மூன்று வழி செய்து பார்த்தார், குறை சொல்லக் கூடாது. கடைசியில் அவரே சத்தம் குறைந்துபோய், "வேற கம்ப்யூட்டரா இருந்தா ரெண்டு நாள் வெச்சுப் பாக்கலாம். ஆனா சும்மா ஆசை காட்டக் கூடாது," என்று பையை மூடிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இவர்கிட்டதான் நான் வண்டி கத்துக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகும் பாப்பா மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. இவ்வளவு இடத்தை அடைத்தது எதுதான் என்று பார்க்கத் தோன்றியது. எந்த மென்பொருளும் இல்லாமல், கோப்புகளை அளவுவாரியாக அடுக்கிப் பார்த்தாள். பெரியது மேலே வந்து நின்றது. எல்லாம் அவள் கணவனின் போனிலிருந்து வந்தவை. இங்கே வரும்போதெல்லாம் சார்ஜ் ஏற்ற அந்தப் போனை இதில்தான் செருகுவான்; செருகும்போதெல்லாம் அது தன்னிடம் உள்ளதை முழுசாக இதில் கொட்டியிருக்கிறது. கிடங்கு அலமாரிகளின் வீடியோக்கள், அட்டைப்பெட்டிகள், லாரியில் சாமான் ஏறுவது, இறங்குவது, திரும்பத் திரும்ப. அந்த ராக்கெட் இதில் கைவைக்கவே இல்லை. மாஸ்டர் பதிந்த குரல் அத்தனையையும் சேர்த்தாலும் அதில் ஒரு வீடியோவின் மூலைக்குக் காணாது. இதை ஒன்றைக் கையால் எடுத்துப் போட்டிருந்தாலே போதும். வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அவன் பக்கத்தில் நின்று திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அது?" என்றான்.

பாப்பாவுக்கு வாய் வரை வந்தது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கண் சிவந்திருந்தது. மதியச் சாப்பாடுகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல," என்று மூடினாள்.

"நான் வேணா மாமா மாதிரி மெதுவா பேசிப் பதியட்டுமா? அத்தைக்கு ஏதோ ஒண்ணு..." அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினான்.

அவளும் ஒரு முட்டாள்தனம் செய்து பார்த்தாள். ஸ்பீக்கர் ஒலியை அடிமட்டத்துக்குக் குறைத்து ஒரு சிவப்பை அழுத்தினாள். "உக்காருன்னா உக்காரு, மரம் மாதிரி நிக்காத." பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காதை வைத்துக் கேட்டது போலிருந்தது. திட்டு என்னவோ திட்டாகவேதான் இருந்தது. தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். அவள் ஒலியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் மடியருகே சாய்வுப் பலகையில் வைத்தார்கள். வேறென்ன செய்வது? மாப்பிள்ளை கட்டிலோரம் கைகட்டி நின்றான்.

"மாமா, நான்தான் மாமா... தெரியாம பண்ணிட்டேன். எல்லாம் நகல்னு நெனச்சுட்டேன்."

அப்பாவின் விரல் திரைமேல் தயங்கித் தயங்கி அலைந்தது. அவர் தேடியது 'பரவால்ல' என்று பாப்பாவுக்குத் தெரிந்தது. மஞ்சள் 'பரவால்ல' ஊமை. சிவப்பு எப்படியிருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்: "பரவால்ல விடு, உன்னால ஆனது அவ்வளவுதான்." கிளட்சை விடத் தெரியாமல் வண்டியை நிறுத்துகிறவர்களுக்குச் சொல்வது. மாப்பிள்ளையை அப்படி ஒரு சொல் சொல்வதைவிட மாஸ்டர் இன்னொரு ஆபரேஷனுக்குப் படுத்திருப்பார். விரல் அந்தச் சிவப்புக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை வாசல் பக்கம் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கும் போகாமல் நின்றான்.

அதோடு அப்பா எதையும் தொடவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் அசைத்தார். பாப்பாவுக்குப் புரிந்தது. திட்டிவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பேச்சே போன மனிதர் இன்னொரு தடவை பேச்சை நிறுத்துகிறார், அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

வெளியே வெயில் தாழ்ந்தது. அம்மா முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து கட்டிலருகே முக்காலியைப் போட்டாள்.

"நீ கொஞ்சம் வெளிய இரு பாப்பா."

"நான் பக்கத்துல இருக்கேம்மா."

"கதவுகிட்ட இரு. சாத்திக்கோ."

பாப்பா கதவை முழுசாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக அம்மாவின் முதுகும், போர்வைமேல் அப்பாவின் கையும் தெரிந்தன. திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க," என்றாள் அம்மா. "எதுக்கு இப்படி உம்முனு இருக்கீங்க? சும்மா அழுத்துங்க. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அப்பா அசையவில்லை. அம்மா அவர் கையை எடுத்து, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் சூடேற்றி, பலகைமேல் வைத்தாள்.

வெகு நேரம் கழித்து டொக்கென்று சத்தம் வந்தது. பாப்பா தோளைக் குறுக்கிக்கொண்டாள். சிவப்பு வெடிக்கப்போகிறது என்று பயந்தாள். வெடிக்கவில்லை. அறை அமைதியாகவே இருந்தது.

"ம். சாப்பிட்டேன்," என்றாள் அம்மா. "பொய்யில்ல. இப்பதான் பாப்பா போட்டுக் குடுத்தா."

டொக்.

"உக்காந்துதானே இருக்கேன்."

டொக்.

"முட்டி வலியா? அது கெடக்கு. இப்ப தேவலை."

பாப்பா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் பகல் முழுக்க எங்கெங்கோ தேடியது இந்த அறைக்குள்ளேயே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அப்போதுதான் முழுசாக உறைத்தது. அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நர்ஸைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள், கூப்பிட்டால் அவள் உள்ளே போக வேண்டியிருக்கும். கூப்பிடவில்லை.

டொக்.

"யாரு, மாப்பிள்ளையா? அவரை நான் ஒண்ணும் சொல்லலங்க. பாவம், வாசல்லயே நிக்கிறார். விடுங்க."

கொஞ்சம் இடைவெளி விட்டு, மிக லேசாக, மறுபடி ஒரு டொக். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள், அம்மா அப்படிச் சிரித்து பாப்பா கேட்டதில்லை.

"இதை இப்பதான் சொல்லத் தோணுச்சாக்கும்," என்றாள்.

எந்தக் கட்டம் என்று கதவிடுக்கிலிருந்து தெரியவில்லை. பாப்பா எட்டிப் பார்க்கவும் இல்லை.

"என்னது, கேக்கலியே," என்றாள் அம்மா.

விரல் கண்ணாடிமேலேயே அசையாமல் இருந்தது. இழுத்து இழுத்து வந்த மூச்சின் சத்தமும் நின்றிருந்தது. மறுபடி அழுத்தாததால் திரை மெல்ல மங்கி, அம்மாவின் கன்னத்தில் விழுந்திருந்த வெளிச்சமும் போயிற்று. அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்தபடி, "ம்," என்றாள்.